சுமப்பவர் யார்? வேட்டை முகாமுக்குக் கித்தான் கூடாரம் தேர்வது பற்றிய விவாதங்கள்

ராக்கி மலைத்தொடரில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் எல்க் மான் வேட்டைக்காலம். கொலராடோ, மொன்டானா, ஐடஹோ, வயோமிங் மாநிலங்களின் காடுகளில் ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள் ஒரு வாரம், பத்து நாள் என்று தங்கி வேட்டையாடும். இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். பகலில் மழை, ஆலங்கட்டி, வெண்பனி எது வேண்டுமானாலும் பெய்யலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை முகாம் என்பது பழைய நினைவுக் குறிப்புகளில் மட்டும் தென்படும் ஒன்று. அங்கே அது இன்றும் உரிமச் சீட்டோடும் விதிமுறைகளோடும் நடக்கும் வழக்கம்.

இந்த முகாம்களின் அடையாளச் சின்னம் சுவர்க்கூடாரம். நான்கு பக்கமும் நான்கைந்து அடி உயரத்துக்குச் செங்குத்தான துணிச்சுவர், மேலே இருபுறம் சரியும் ஓட்டுவீட்டுக் கூரை, உள்ளே தகர விறகடுப்பு, கூரையைத் துளைத்து வெளியேறும் புகைபோக்கி. துணி பெரும்பாலும் பருத்திக் கித்தான். குழு முகாமுக்கு எந்தக் கூடாரம் ஏற்றது என்ற கேள்விக்கு இது ஒன்றே விடை என்பார் உண்டு. இதைப் பழம்பெருமை என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு தரப்புக்கும் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எதில் வலுவானவை, எங்கே இடறுகின்றன என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ராணுவம் விட்டுச்சென்ற இரு வடிவங்கள்

விவாதத்தின் வேர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறது. 1856-இல் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி என்ற அதிகாரி கூம்பு வடிவக் கூடாரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சமவெளிப் பழங்குடியினரின் டீப்பி என்ற கூம்புக் குடிலைப் பார்த்து அமைத்தது அது. 18 அடி விட்டம், 12 அடி உயரம், நடுவில் ஒரே கம்பம். பன்னிரண்டு பேர் வரை படுக்கலாம். அதற்கென்றே அவர் வடிவமைத்த கூம்புத் தகர அடுப்பு, கூடாரம் வழக்கொழிந்த பிறகும் பல பத்தாண்டுகள் ராணுவத்தில் புழங்கியது.

அதே காலத்தில் அதிகாரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சுவர்க்கூடாரம் தரப்பட்டது. உள்நாட்டுப் போர்க்கால மருத்துவமனைக் கூடாரம் ஏறத்தாழ 14 அடிக்கு 15 அடி, நடுவில் 11 அடி உயரம், சுவர் நாலரை அடி, எட்டு நோயாளிகளுக்கானது. கூரைக்கு மேல் தனியாக ஒரு மேல்விரிப்பும் உண்டு. இன்றைய வேட்டை முகாமின் கூடாரம் அளவிலும் அமைப்பிலும் ஏறக்குறைய இதன் நேர் வாரிசு.

இரண்டையும் ஒப்பிட்டால் சுவர் ஏன் வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். 18 அடி விட்டமுள்ள கூம்பின் தரைப்பரப்பு சுமார் 254 சதுர அடி. ஆனால் ஐந்தடி உயரமாவது இருக்கும் பகுதியை மட்டும் கணக்கிட்டால் அது 87 சதுர அடியாகச் சுருங்கிவிடுகிறது. 14-க்கு 16 அடி அளவில், ஐந்தடிச் சுவரோடு நிற்கும் கூடாரத்தில் 224 சதுர அடியும் அந்த உயரத்துக்குக் குறையாதவை. ஓரத்தில் கட்டில் போடலாம், கட்டிலில் நிமிர்ந்து உட்காரலாம், குனியாமல் உடை மாற்றலாம். சுவர்க்கூடார ஆதரவாளர்களின் முதல் வாதம் இது. இதை எவரும் பெரிதாக மறுத்ததில்லை.

ஆனால் அதே ராணுவ வரலாறு எதிர்ப்பக்கத்துக்கும் சான்று தருகிறது. போர் தொடங்கிய அடுத்த ஆண்டு, 1862 வாக்கில், சிப்லி கூடாரத்தைக் களத்திலிருந்து விலக்கினார்கள். சுமக்க வண்டிகள் தேவைப்பட்டன. படை நகரும் வேகத்துக்கு அந்த வண்டிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. இடத்தைப் பிடித்தது, சிப்பாய் ஒவ்வொருவனும் பாதித் துணியைச் சுமந்து, இருவர் பொத்தானிட்டு இணைத்துக்கொள்ளும் சிறு கூடாரம். வசதியில் அது பல படி கீழே. அங்கே தேர்வைத் தீர்மானித்தது போக்குவரத்து. இந்தப் பாடம் பின்வந்த விவாதங்களில் அடிக்கடி மறக்கப்பட்டிருக்கிறது.

இலகுக் கட்சியும் நிலைமுகாம் கட்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காடு பொழுதுபோக்குக்கான இடமானபோது கேள்வி எழுத்தாளர்கள் கைக்கு வந்தது. நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், 1884-இல் வந்த தம் ‘உட்கிராஃப்ட்’ நூலில் இலகுச் சுமைக்காக வாதாடினார். அவர் தனியாகத் துடுப்பு வலித்துப் பயணம் செய்தவர். அவருக்காகச் செய்த படகு ஒன்றின் எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. முன்பக்கம் திறந்த சரிவுக்கூரையும் அதன்முன் எரியும் நெருப்பும் போதும் என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியின் வலிமையும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: தனி ஆளின் அளவுகோலில் அது பிசிறில்லாமல் பொருந்துகிறது, ஆறு பேர், அவர்களின் ஈர உடைகள், பத்து நாள் மளிகை என்று வந்தால் அது பேசுவதில்லை.

ஹொரேஸ் கெப்பார்ட் இன்னும் நிதானமானவர். 1906-இல் முதலில் வெளிவந்து பின்னர் இரு தொகுதிகளாக விரிந்த தம் நூலில் அவர் நிலையான முகாமுக்குரிய கூடாரங்களையும் இலகுவான கூடாரங்களையும் தனித்தனியே எடுத்துப் பேசினார். அவருக்கு ஓரிடத்தில் தங்குவதும் நடந்துகொண்டே இருப்பதும் இரு வேறு கலைகள். இந்தப் பிரிவினை விவாதத்தின் பெரும்பகுதியைத் தீர்த்திருக்க வேண்டும். தீராததற்குக் காரணம், வேட்டை முகாம் இரண்டுக்கும் நடுவில் நிற்பதாக இருக்கலாம். போய்ச் சேரும்வரை அது பயணம். சேர்ந்தபின் அது குடித்தனம்.

இலகுக் கட்சி இன்று நைலான் வடிவில் திரும்பியிருக்கிறது. சிலிக்கோன் பூசிய நைலானில் தைத்த ஒற்றைக் கம்ப டீப்பிக் கூடாரங்களும், சுருட்டி மடக்கக்கூடிய டைட்டேனியம் அடுப்புகளும் கொலராடோவின் சிறு தயாரிப்பாளர்களால் பரவலாயின. நான்கைந்து பேருக்கான கூடாரமும் அடுப்பும் சேர்ந்தே பத்து கிலோவுக்குள் அடங்கிவிடும். சிப்லியின் கூம்பே வேறு துணியில் மீண்டும் வந்திருக்கிறது எனலாம். ஓரங்களில் உயரம் போதாத குறையும் கூடவே வந்திருக்கிறது.

வடக்கிலிருந்து ஒரு மூன்றாம் மரபு

இந்த இரு கட்சிகளுக்கும் வெளியே, கனடாவின் கியூபெக்–லாப்ரடார் பகுதியில் இன்னு, க்ரீ மக்கள் வளர்த்த மரபு ஒன்று உண்டு. விலங்குரோம வணிகம் வழியாக வந்த கித்தானையும் தகர அடுப்பையும் அவர்கள் தங்கள் குளிர்கால நடமாட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். சுவர் தாழ்வானது, துணி மெல்லியது, கழிகள் அங்கேயே வெட்டியவை, தரைக்கு ஊசியிலை மரக் கிளைகளை நெருக்கமாக அடுக்கி மெத்தைபோல் பரப்புவார்கள். மூட்டை பனிச்சறுக்கு வண்டியில் இழுபடும். குடும்பத்தோடு மாதக்கணக்கில் நகர்ந்து வாழ்ந்தவர்களின் ஏற்பாடு இது.

மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கேரட், அலெக்ஸாண்ட்ரா கோனோவர் தம்பதி 1995-இல் வெளியிட்ட குளிர்ப்பயண நூல் இந்த மரபைப் பொழுதுபோக்குப் பயணிகளிடம் கொண்டு சேர்த்தது. நெருக்கமாக நெய்த மெல்லிய எகிப்தியப் பருத்தித் துணி, சிறு அடுப்பு, தாழ்ந்த சுவர் ஆகியவை அதன் சாரம். கித்தான் என்றாலே கனம், நைலான் என்றாலே இலகு என்ற எளிய எதிர்நிலையை இம்மரபு கேள்விக்குள்ளாக்குகிறது. ஆனால் இது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு பேருக்கான அளவில், உலர்ந்த கடுங்குளிரில் சோதிக்கப்பட்டது. மழையும் பனியும் மாறி மாறி வரும் ராக்கி மலையின் அக்டோபரில், ஆறு பேர் குழுவுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது.

துணியைப் பற்றிய சண்டை

கடைக்காரர்களும் வாங்குவோரும் அதிகம் பேசுவது துணியின் கனத்தைப் பற்றி. கித்தானின் கனத்தை ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வது வழக்கம். 10 அவுன்ஸ், 12 அவுன்ஸ், 15-ஐ ஒட்டியது என மூன்று தரங்கள் பரவலானவை. இதிலேயே ஒரு குழப்பம் உண்டு: சிலர் பதப்படுத்துமுன் இருந்த எடையைச் சொல்வார்கள், சிலர் பின்னர் உள்ள எடையை. இரு கடைகளின் 10 அவுன்ஸ் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நெசவும் முக்கியம். பாவிலும் ஊடையிலும் இரண்டிரண்டு நூல்களை முறுக்கி நெய்த துணி, ஒற்றை நூலில் நெய்து கஞ்சிபோட்டுக் கனம் காட்டும் துணியைவிட நெடுநாள் உழைக்கும். எடை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே சரக்கு அல்ல.

பருத்தியின் தனிச்சிறப்பு நனைந்ததும் இழை பருப்பது. இழை பருத்தால் நெசவின் இடுக்கு அடைபடும். மழை உள்ளே இறங்காது. காய்ந்தபின் இடுக்கு திறந்து உள்ளே உள்ள ஈரக்காற்று வெளியேறும். புதுக் கூடாரத்தை வேட்டைக்குமுன் ஒருமுறை விரித்து, நன்றாக நனைத்து, அப்படியே காயவிடுவது இதனால்தான். தையல் ஊசி விட்ட துளைகளில் நூல் பருத்து உட்கார்ந்துகொள்ளும். இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் முதல் மழையில் தையல் வழியே சொட்டுவதைப் பார்த்துக் கித்தானைக் குறை சொல்வதுண்டு.

செயற்கை இழை ஆதரவாளர்களின் மறுப்பு இரண்டு. முதலாவது, நனைந்த பருத்தி கணிசமாகக் கனக்கும். கடைசி நாள் மழையில் கூடாரத்தைப் பிரிக்க நேர்ந்தால் வந்ததைவிடப் பெரிய சுமையோடு திரும்ப வேண்டும். இரண்டாவது பூஞ்சணம். ஈரத்தோடு சுருட்டி வைத்த கித்தானில் சில நாட்களிலேயே கரும்புள்ளி விழும். அது துணியைத் தின்றுவிடும். இரண்டாவது மறுப்பு துணியைவிட மனிதர்களைப் பற்றியது. குழுவுக்குப் பொதுவான கூடாரம் யார் வீட்டுக்குப் போகிறது, யார் அதைக் கொட்டகையில் தொங்கவிட்டு மூன்று நாள் காயவைக்கிறார் என்பது தெளிவாக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல துணியும் சில பருவங்களுக்குமேல் நிற்காது. பாலியெஸ்டர் சுவர்க்கூடாரம் இத்தகைய அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது மூச்சுவிடாது. குளிர்ந்த துணியின் உட்புறம் வேர்த்து வடியும். தொடர்ந்த வெயிலில் செயற்கை இழை நலிவதும் தெரிந்ததே.

இன்னொரு பரவலான கூற்றையும் இங்கே சரிபார்க்க வேண்டும். கித்தான் கூடாரம் கதகதப்பானது என்பார்கள். ஒற்றைத் துணி எதுவானாலும் அதன் வெப்பக்காப்பு சொற்பம். கதகதப்பு அடுப்பிலிருந்து வருகிறது. நெருப்பு அணைந்த சிறிது நேரத்தில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கித்தானின் பங்கு, அடுப்பை உள்ளே வைத்துக்கொள்ள அதிகம் இடம் கொடுப்பதும் ஈரத்தை வெளியேற விடுவதும்.

நெருப்பு: பாதுகாப்பா, நஞ்சா?

1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ரிங்லிங் சகோதரர்கள் சர்க்கஸின் பெருங்கூடாரம் தீப்பற்றி எரிந்து 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீர் இறங்காதிருக்க அந்தக் கித்தானில் பாரஃபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். கூடாரத் துணிக்குத் தீத்தடுப்பு வேண்டும் என்ற பொதுக்கருத்து வலுப்பட்டதில் இந்த விபத்துக்குப் பெரும் பங்குண்டு. 1970-களில் கித்தான் தொழிலமைப்பு வகுத்த சிபிஏஐ-84 என்ற தரநிலை இன்றும் கூடார அட்டைகளில் காணப்படுகிறது. கூடாரங்கள் தீத்தடுப்புத் தரநிலைக்கு உட்பட வேண்டும் என்ற விதி சில மாநிலங்களில் இருந்துவந்திருக்கிறது.

அதற்கு எதிரான குரலும் இப்போது கேட்கிறது. 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முகாம் கூடாரங்களை விரித்துக் கட்டியவர்களின் கைகளில் தீத்தடுப்பு ரசாயனங்கள் ஒட்டுவதைக் காட்டியது. விறகடுப்புச் சூட்டில் பத்து இரவு தூங்குவோருக்கு இதனால் எவ்வளவு கேடு என்பது அதிலிருந்து நேராகப் பெறக்கூடிய முடிவல்ல. தீத்தடுப்புப் பூச்சு துணியின் ஆயுளைக் குறைக்கிறது என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வதும் உண்டு. ஆனால் தகர அடுப்பு எரியும் கூடாரத்தில் தீத்தடுப்பே வேண்டாம் என்று வாதாடுவது எளிதல்ல.

துணிவகைகளின் வேறுபாடு இந்த இடத்தில் கூர்மையாகிறது. நைலானும் பாலியெஸ்டரும் ஏறத்தாழ 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நன்றாக எரியும் அடுப்பை ஒட்டிய குழாயின் சூடு அதைத் தாண்டுவது சாதாரணம். புகைபோக்கி வழியே பறக்கும் ஒரு பொறி நைலானில் உடனே துளை போடும். பருத்தி உருகாது, பொறி விழுந்தால் கருகும், சில வேளை கனன்று பரவும். இரண்டிலும் புகைபோக்கியின் உச்சியில் பொறித்தடுப்பு வலை வேண்டும். துணியைத் துளைக்கும் இடத்தில் வெப்பம் தாங்கும் வளையத் துண்டு தைத்திருக்க வேண்டும். பழைய கூடாரங்களில் அந்தத் துண்டு கல்நார் துணியாக இருந்திருக்கலாம் என்பதால் செகண்ட்ஹேண்டில் வாங்குவோர் அதைக் கவனித்து மாற்றுவது நல்லது.

விறகா, வாயுவா?

விறகுக்கு மாற்றாகப் புரொப்பேன் வாயு ஹீட்டரை முன்வைப்போர் வசதியைச் சொல்கிறார்கள்: நள்ளிரவில் எழுந்து விறகு போட வேண்டாம், மரம் பிளக்க வேண்டாம். ஆனால் புகைபோக்கி இல்லாத வாயு ஹீட்டருக்கு வேதியியல் ஒரு விலை வைக்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி பிறக்கும். மணிக்கு 20,000 பிடியூ வெப்பம் தரும் ஹீட்டர் எட்டு மணி நேரம் எரிந்தால் ஐந்தரை லிட்டர் தண்ணீரைக் கூடாரத்துக்குள் ஊற்றுகிறது என்று பொருள். ஆறு பேரின் மூச்சும் ஈர உடைகளும் அதற்கு மேல். செயற்கைத் துணிக் கூடாரத்தில் இது விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டும். விறகடுப்பு தன் நீராவியைப் புகைபோக்கி வழியே வெளியே அனுப்பிவிடுவதோடு, உள்காற்றையும் இழுத்துச் செல்லும். முகட்டுக்குக் கீழே கட்டிய கொடியில் போட்ட காலுறை காலையில் காய்ந்திருப்பது இதனால்தான்.

எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு அபாயம் உண்டு. தரையோரத்தில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாகக் காற்றுவழியும், மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. விறகுக்கு எதிரான வலுவான வாதம் வேறு: வறட்சிக் காலத்தில் விறகு எரிப்பதற்கே தடை வரலாம், மரம் வளரும் எல்லைக்கு மேலே விறகே கிடைக்காது.

கவனிக்கப்படாத எலும்புக்கூடு

துணியைப் பற்றிப் பேசுமளவுக்கு, அதைத் தாங்கி நிற்கும் குழாய்ச் சட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணக்குப் போட்டால் இது விந்தையாகத் தெரியும். 14-க்கு 16 அடி, ஐந்தடிச் சுவர், ஒன்பதடி முகடு என்று வைத்துக்கொள்வோம். கூரை 258, பக்கச்சுவர்கள் 160, முன்பின் சுவர்கள் 196. மொத்தம் ஏறக்குறைய 614 சதுர அடி, அதாவது 68 சதுர கஜம். 10 அவுன்ஸ் துணியானால் 19 கிலோ, 12 அவுன்ஸானால் 23 கிலோ. தையல் மடிப்பு, தரைப்பட்டை, கயிறு எல்லாம் தனி. இரு தரங்களுக்கும் இடையே வேறுபாடு நான்கு கிலோ.

இப்போது சட்டம். நான்கு வளைவுகளுக்கு எட்டு கால், எட்டு கைமரம். முகட்டுக்கும் இரு இறவாணங்களுக்கும் நீளக் குழாய்கள். மொத்தம் சுமார் 153 அடிக் குழாய். மின்கம்பி இழுக்கப் பயன்படும் ஓரங்குல எஃகுக் குழாயில் செய்தால் ஏறத்தாழ 46 கிலோ. முக்கால் அங்குலக் குழாயானாலும் ஏறத்தாழ 32 கிலோ வரும். நான்கு கிலோவுக்காக மணிக்கணக்கில் வாதாடுவோர் இந்த நாற்பத்தாறு கிலோவைக் கண்டுகொள்வதில்லை.

சட்டத்துக்கு மாற்று, போய்ச்சேர்ந்த இடத்தில் வெட்டும் கழிகள். முகட்டுக்கு ஒன்று, முன்னும் பின்னும் கத்தரிபோல் நிற்கும் கால்களுக்கு நான்கு, பக்கங்களுக்கு இரண்டு: ஏழு கழிகள் போதும். நேராக, ஒல்லியாக வளரும் லாட்ஜ்போல் பைன் இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். ஆனால் தேசியக் காடுகளில் அனுமதியின்றிப் பச்சைமரம் வெட்ட முடியாது. நின்றபடி பட்டுப்போன மரத்தை எடுக்கலாமா என்பது காட்டுக்குக் காடு மாறும். 1990-களின் நடுவிலிருந்து பட்டைவண்டு தாக்கிக் கொலராடோவில் லாட்ஜ்போல் காடுகள் பெருமளவில் பட்டுப்போனதால் கழிக்குப் பஞ்சமில்லை. அதே பட்ட மரங்கள் காற்றில் முறிந்து கூடாரத்தின்மேல் விழும் ஆபத்தும் கூடியிருக்கிறது.

சட்டம் எதற்கு அவசியம் என்பதையும் எண்ணால் பார்க்கலாம். அந்தக் கூடாரத்தின் கூரைநிழல் 21 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முப்பது சென்டிமீட்டர் புதுப்பனி, ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலே 600 கிலோவைத் தாண்டும். ஈரப்பனியானால் இருமடங்கு ஆகலாம். அடுப்புச் சூட்டில் பெரும்பகுதி சரிந்துவிடும்; கூரைமேல் வழவழப்பான மேல்விரிப்பு கட்டினால் இன்னும் எளிதாகச் சரியும். ஆனால் எல்லோரும் வேட்டைக்குப் போய் அடுப்பு அணைந்து கிடக்கும் பகலில் பனி பெய்தால் தாங்க வேண்டியது சட்டம்தான். இந்தியாவின் பழைய முகாம்களில் வெயிலுக்காக இரட்டைக் கூரை போட்டார்கள்; ராக்கி மலையில் அதே ஏற்பாடு பனிக்கும் பொறிக்கும் காவல்.

எத்தனை பேர், எத்தனை கூடாரம்?

விளம்பரங்களில் சொல்லும் ஆள் எண்ணிக்கை தரையில் தோளோடு தோள் படுப்பவர்களுக்கானது. கட்டில் கணக்கு வேறு. ஒரு மடக்குக் கட்டில் இரண்டரைக்கு ஆறரை அடி, 16 சதுர அடி. அதே அளவு இடம் மூட்டைக்கும் நடைக்கும் வேண்டும். ஆக ஒருவருக்கு 32. ஆறு பேருக்கு 192. அடுப்புக்கும் அதைச் சுற்றிவிட வேண்டிய இடைவெளிக்கும் ஐந்துக்கு ஐந்தடி. 217 ஆகிவிட்டது. 14-க்கு 16 அடிக் கூடாரம் ஆறு பேருக்கு நெருக்கடியான எல்லை; நான்கு பேருக்குத்தான் வசதி. சமையலும் அதற்குள்ளேயே என்றால் கணக்கு உடைந்துவிடும்.

இதனால் எழுவது அடுத்த கருத்துவேறுபாடு: 16-க்கு 20 என்று ஒரே பெருங்கூடாரமா, தூங்க ஒன்றும் சமைக்க ஒன்றுமாக இரண்டா? ஒன்று போதும் என்போர் ஒரே அடுப்பு, ஒரே சட்டம், எல்லோரும் கூடி உட்காரும் மாலைப்பொழுது ஆகியவற்றைச் சொல்கிறார்கள். தொழில்முறையாக வேட்டை முகாம் நடத்துவோரின் வழக்கம் பெரும்பாலும் இரண்டாவது. நாலு மணிக்கு எழும் சமையற்காரர் மற்றவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. கிரிஸ்லி கரடிகள் உள்ள பகுதிகளில் இதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு: உணவின் வாசனை படுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. மொன்டானாவின் வடபகுதிக் காடுகளில் உணவையும் வேட்டை இறைச்சியையும் தொங்கவிடுவதானால் தரையிலிருந்து பத்தடி உயரத்தில், மரத்திலிருந்து நான்கடி தள்ளி இருக்க வேண்டும் என்று காட்டுத்துறை ஆணையே உள்ளது. சமையல் கூடாரத்தைப் பிரிப்பது அந்த எண்ணத்தின் நீட்சி. ஆனால் இரண்டு கூடாரம் என்றால் இரண்டு சட்டம், இரண்டு சுமை; கேள்வி மறுபடியும் போக்குவரத்துக்கே வந்து நிற்கிறது.

பாதை சொல்லும் விடை

இதுவரை பார்த்த நிலைப்பாடுகளை முகாமுக்குப் போகும் வழியின் அடிப்படையில் வரிசைப்படுத்தினால் முரண்களில் பல தணிகின்றன. பிக்கப் வண்டி கூடாரத்தின் வாசல்வரை போகுமானால் எடை ஒரு பொருட்டல்ல. கனத்த கித்தான், எஃகுச் சட்டம், தடிமனான அடுப்பு ஆகியவற்றுக்கு எதிராகச் சொல்ல அதிகமில்லை.

1964-ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டத்தின்கீழ் வரும் இடங்களில் மோட்டார் வண்டியோ சக்கரவண்டியோ நுழைய முடியாது. மொன்டானாவின் பாப் மார்ஷல், ஐடஹோவின் ஃபிராங்க் சர்ச் போன்ற பரந்த வனப்பகுதிகளில் குதிரையும் கோவேறு கழுதையும்தான் வழி. ஒரு கோவேறு கழுதைக்குப் பொதி சுமார் 70 கிலோ. இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். 46 கிலோ எஃகுக் குழாய், அதுவும் நீண்ட துண்டுகளாக, பொதி கட்டுபவருக்குத் தலைவலி. ஆகவே அங்கே 10 அவுன்ஸ் கித்தான், உள்ளூர்க் கழி அல்லது அலுமினியச் சட்டம், மடக்கும் அடுப்பு என்ற சேர்க்கைக்கு நியாயம் கிடைக்கிறது. அடுத்த பருவத்துக்கும் அங்கேயே விட்டுவரலாம் என்றால் அதுவும் இயலாது. பல தேசியக் காடுகளில் ஓரிடத்தில் இரண்டு வாரத்துக்குமேல் முகாம் நிற்கக் கூடாது. முதுகில் சுமந்து போகும் குழுவுக்கு நைலான் டீப்பியைத் தவிர வேறு விடை இருப்பதாகத் தெரியவில்லை. அதன் வேர்வையையும் பொறித்துளையையும் அவர்கள் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வாசிப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. எல்லாவற்றையும் சுமையாகக் குறைத்துவிட்டால் குழு ஏன் முகாம் போடுகிறது என்பது காணாமல்போகும். பலருக்கு மாலையில் அடுப்பைச் சுற்றி உட்காருவதே வேட்டையின் பாதி. ஏழு கிலோ கூடாரத்தில் முடங்கிக் கிடப்பதைவிட, கூடுதலாக ஒரு கோவேறு கழுதையை வாடகைக்கு எடுப்பது அவர்களுக்குச் சரியான கணக்காக இருக்கலாம்.

தீர்ந்ததும் தீராததும்

சில செய்திகளில் இன்று பெரிய ஐயம் இல்லை. சுவர் இருந்தால் தரை முழுவதும் பயன்படும். புகைபோக்கி வைத்த விறகடுப்பு உள்ளே இருக்கும் ஈரத்தைக் குறைக்கும், புகைபோக்கியில்லா வாயு ஹீட்டர் கூட்டும். கித்தானின் ஆயுள் அதைக் காயவைப்பவரின் ஒழுங்கைப் பொறுத்தது. சட்டத்தின் எடை துணித்தரத்தின் எடை வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே வாங்கப்போகும் குழு முதலில் பாதையையும், பிறகு ஆள் எண்ணிக்கையையும், அடுத்துச் சட்டத்தையும் முடிவுசெய்துவிட்டு, துணித்தரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு.

தீராதவை மூன்று. விறகடுப்பின் சூட்டிலும் புகையிலும் இருபது பருவம் நிற்கக்கூடிய செயற்கைத் துணி இருக்கிறதா என்பதற்கு, நல்ல கித்தானுக்கு இருப்பதுபோன்ற நீண்ட அனுபவச் சான்று இன்னும் திரளவில்லை. தீத்தடுப்பு ரசாயனங்களின் நன்மையும் கேடும், ஆண்டுக்குப் பத்து இரவு தங்குவோருக்கும் பருவம் முழுவதும் முகாமிலேயே வாழும் தொழிலாளர்களுக்கும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல. அந்த வேறுபாட்டைத் தரநிலைகள் கணக்கில் கொள்வதில்லை. மூன்றாவது, அளவைப் பற்றிய சங்கடம். பெரிய கூடாரம் வாங்கிய குழு அதை நிரப்ப ஆள் சேர்க்கிறது. ஆள் சேர்ந்தால் சுமை கூடுகிறது. சுமை கூடினால் சாலையோரத்திலேயே முகாம் அமைகிறது. சாலையோரத்தில் வேட்டைக்கூட்டம் நெருங்க நெருங்க எல்க் மந்தை உள்காட்டுக்கு விலகுகிறது. கூடாரம் முகாமின் இடத்தைத் தீர்மானிக்க விடலாமா, இடம் கூடாரத்தைத் தீர்மானிக்க வேண்டுமா என்பதற்கு எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான விடை இருக்க வாய்ப்பில்லை. தங்கள் குழுவில் சுமப்பவர் யார், காயவைப்பவர் யார் என்பதைப் பேசி முடித்தவர்கள்தான் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்கள்.